குடியை விட்ட மறுநாள்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த செயலாளர், ‘மதுவின் தீமைகள்’ என்று அழைப்பிதழில் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மதுவின் தீமையை இந்த ஊரில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குடிக்கிறவருக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். காலையில் கை நடுங்குவது அவருக்குத்தானே? வள்ளுவர் காலத்திலிருந்து அறிவுரைக்கு நம்மிடம் பஞ்சமே இருந்ததில்லை. பஞ்சமெல்லாம் சிகிச்சைக்கும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குக் கிடைக்க வேண்டிய துணைக்கும்தான்.

அந்தப் பஞ்சத்தின் அளவை முதலில் பார்த்துவிடுவோம். மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் அறிக்கை 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர், ஏறக்குறைய 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. ஆனால் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். சர்க்கரை நோயாளிகளில் 38 பேரில் ஒருவருக்குத்தான் மருந்து கிடைக்கிறது என்றால் நாடே கொதித்திருக்கும். இதில் மட்டும் நாம் அமைதியாக இருக்கிறோம். காரணம், இதை நோய் என்று வாயால் சொன்னாலும் மனதுக்குள் திமிர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மதுவிலக்கு வேண்டுமா, கடைகளைக் குறைத்தால் போதுமா என்பது பெரிய விவாதம். அதைத் தனிக் கூட்டமாக வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. குடியை நிறுத்துவது ஒரு வாரத்து வேலை. நிறுத்தியபடியே இருப்பது வருடக்கணக்கான வேலை. முதல் வேலைக்கு மருத்துவர் போதும். இரண்டாவது வேலைக்கு வீடும் தெருவும் வேலைத்தலமும் சேர்ந்தாக வேண்டும். நம் பணமும் கவனமும் முதல் வேலையோடு தீர்ந்துவிடுகின்றன.

இந்த இரண்டாவது வேலை நமக்குத் தெரியாததல்ல. கார்த்திகை மாதத்தில் கண்ணெதிரே நடப்பதுதான். தினமும் குடித்துக்கொண்டிருந்த மனிதர் ஐயப்பனுக்கு மாலை போட்டதும் ஒரு மண்டலம் பாட்டிலைத் தொடுவதில்லை. அதே தெரு, அதே கடை, அதே மனிதர். என்ன மாறியது? பக்தி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அவருக்குப் புதுப் பெயர் கிடைக்கிறது. குடிகாரன் என்று ஏசிய வாய்களே ‘சாமி’ என்று கூப்பிடுகின்றன. விடியற்காலைக் குளியல், இரண்டு வேளை பூஜை என்று நாளுக்கு ஓர் ஒழுங்கு வருகிறது. குருசாமி என்று ஒருவர் இருக்கிறார். அவரும் ஒரு காலத்தில் முதல் மாலை போட்ட கன்னிச்சாமிதான். மாலையில் போய் உட்கார பஜனைக் கூட்டம் இருக்கிறது. பழைய கூட்டாளிகள் ‘வாடா’ என்று கையைப் பிடித்து இழுப்பதில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் இவை ஐந்தும் ஒரே நாளில் போய்விடுகின்றன. அன்று மாலையே அவர் கடையில் நின்றால் அதில் வியப்பென்ன? அந்த ஐந்தையும் மாலையைக் கழற்றிய பிறகும் கிடைக்கச் செய்வதைத்தான் நான் ‘மீட்புத் துணை’ என்கிறேன்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலைக்குப் போய்விட்டவர், மருத்துவர் துணையில்லாமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. வருடக்கணக்காக மதுவோடு பழகிய மூளை, அது இல்லாமல் ஒரேயடியாகத் துள்ளி எழுகிறது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை வரும்.

குடிநோயாளிகள் வார்டில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒருவர் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருப்பார். பேருந்து ஓட்டுநர் கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கை வளைத்து வளைத்துத் திருப்புவார்; குறுக்கே வந்தவனைத் திட்டுவார். தையல்காரர் காற்றில் ஊசியைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூல் கோப்பார். வீட்டில் இப்படி நடந்தால் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இல்லையென்றால் அறையில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். இது உடனே மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. விட்டால் உயிரே போகலாம். குளோர்டயஸிபாக்சைடு, லோரஸிபாம் போன்ற மாத்திரைகளை முதலில் போதுமான அளவு கொடுத்து, பிறகு நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தால், பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தெளிந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெளிஞ்சிடும்’ என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நெடுநாள் குடித்தவரின் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை ஈடுசெய்யாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருந்த கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் ஒருபக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், நினைவு நிரந்தரமாகவே போய்விடலாம். அதனால்தான் விவரம் தெரிந்த மருத்துவர் முதலில் பி1 ஊசி போடச் சொல்வார். உங்கள் உறவினரைச் சேர்த்தால், ‘பி1 போட்டாச்சா சிஸ்டர்?’ என்று கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ். ‘குடியை மறக்க மருந்து, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்.’ அந்த மருந்தில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. மருத்துவத்தில் டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. குடியை நிறுத்த உதவும் என்று 1940களில் டென்மார்க்கில் கண்டறிந்தார்கள். அதைச் சாப்பிடுகிறவர் குடித்தால் மது முழுவதுமாகச் சிதையாமல் பாதியில் நின்று, அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக இரத்தத்தில் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு வரலாம். இதயக் கோளாறு உள்ளவருக்கு இது ஆபத்து. ஆகவே மாத்திரை சாப்பிடப்போகிறவருக்கு எல்லாவற்றையும் விளக்கி, சம்மதம் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். ரசத்தில் கலந்து கொடுப்பது மருத்துவமே அல்ல. குடிக்கும் வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்ற மருந்துகளும் இருக்கின்றன. இவற்றுக்கு அந்தப் பயமுறுத்தல் தேவையில்லை. ஆனால் கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்று பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும்.

சரி, தெளிந்தாயிற்று, மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கிறது. மனிதர் வீட்டுக்கு வருகிறார். இனிமேல்தான் கதையே.

திரும்பும் இடம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். வியட்நாம் போரின்போது அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார். இவர்களெல்லாம் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அரசாங்கமே நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் 1971இல் திரும்பியவர்களைத் தொடர்ந்து விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் ஆண்டில் மறுபடியும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் பேர்தான். மருந்தைவிடப் பெரிய வேலையை இடமாற்றம் செய்திருந்தது. போர்முனை, கூட்டாளி, கைக்கெட்டிய பொட்டலம் எல்லாம் கடலுக்கு அப்பால் போய்விட்டன. நம் நோயாளிக்கு நடப்பதோ நேர்மாறு. மருத்துவமனையில் சில நாள் நிம்மதியாக இருந்துவிட்டு, அவர் தம் போர்முனைக்கே திரும்புகிறார்.

ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஆபத்தான நேரம் சனிக்கிழமை மாலை. ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவரையே எழுதச் சொல்வார். ஐந்தரைக்கு வேலை முடியும். சம்பளத்தை மேஸ்திரி எங்கே வைத்துக் கொடுப்பார்? டீக்கடை வாசலில். டாஸ்மாக் எங்கே? எதிர்ச் சந்தில். கூட யார்? பங்கு போட்டு ஆஃப் வாங்குகிற மூன்று பேர். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? மதியம் ஒன்றரைக்கு. தாளில் இவ்வளவும் வந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். ‘அப்ப நான் கடைக்குப் போகலைன்னாதான் சார் அதிசயம்’ என்பார்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு மாற்று. சம்பளத்தை மனைவியின் எண்ணுக்கு ஜிபேயில் போடச் சொல்லி மேஸ்திரியிடம் அவரே கேட்பது. ஐந்து மணிக்கே இரண்டு வடையாவது சாப்பிட்டுவிடுவது. பசியும் குடிவேட்கையும் ஒன்றுபோலவே வயிற்றைக் கிள்ளும். எதிர்ச் சந்து வழியே போகாமல் பெரிய தெருவைச் சுற்றிப் போவது. மூன்று பேரில் ஒருவர் தோளில் கைபோட்டால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. ‘டாக்டர் வேணாம்னுட்டாரு’ என்பது பலிக்காது. ‘ஒண்ணே ஒண்ணு’ என்பார்கள். ‘மாத்திரை சாப்பிடறேன், குடிச்சா ஆஸ்பத்திரிதான், நீதான் தூக்கிட்டுப் போகணும்’ என்றால் கை தானாக இறங்கும். வேட்கை அலையடித்து வந்தாலும் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் சேரும் நேரத்தை அவர் முன்கூட்டியே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஆலோசனை என்றால் இதுதான். நெஞ்சைத் தொடும் உபதேசம் எதுவும் அதில் இருக்காது.

இனி, வீடு. கணவர் திருந்திவிட்டார் என்று மனைவி மறுநாளே பூரித்துப்போவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் எத்தனை சத்தியங்களைப் பார்த்தவர்! பிள்ளை தலையில் அடித்த சத்தியம், கோயிலில் கட்டிய கயிறு, எல்லாம் பார்த்தாயிற்று. கணவர் கதவைத் தாண்டும்போது சட்டையை வாங்குவதுபோல் வாங்கி மோந்து பார்ப்பார். பத்து நிமிடம் தாமதமானால் போன் மேல் போன். ‘விட்டும் நம்பலைன்னா எதுக்கு விடணும்?’ என்று கணவருக்கு ஆத்திரம் வருகிறது. அந்த ஆத்திரத்திலேயே மறுபடி குடித்தவர்கள் உண்டு.

இங்கே யாரும் கெட்டவரில்லை. கணவர் குடியை விட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. மனைவி பயந்து வாழ்ந்தது பதினைந்து வருடம். பயமும் தெளிய நாள் வேண்டும். ஆகவே குடும்பத்துக்கும் தனியாக ஆலோசனை தேவை. கடனை மறைப்பது, ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று முதலாளிக்குப் போன் செய்வது, இதெல்லாம் அன்பினால் செய்ததுதான். ஆனால் குடியைத் தொடர வைத்ததும் அதுவே. இனிப் பணப் பொறுப்பையும் பிள்ளைகளின் பள்ளிப் பொறுப்பையும் ஒரே நாளில் பறிக்கவும் வேண்டாம், ஒரே நாளில் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். முதல் மாதம் காய்கறிப் பணம், பிறகு மின்கட்டணம் என்று படிப்படியாகப் போகலாம். குடிக்கிற பெண்களின் நிலை இன்னும் கடினம். குடும்பம் அவர்களை மருத்துவமனைக்கு அனுப்புவதைவிட வீட்டுக்குள் ஒளித்துவைக்கத்தான் பார்க்கிறது.

வீட்டுக்கு வெளியே ஒரு துணை உண்டு. அதற்குக் காசும் இல்லை, மருந்தும் இல்லை. 1935இல் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் அக்ரன் நகரத்துக்கு ஒரு வியாபாரத்துக்காகப் போனார். அது கைகூடவில்லை. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கிய விடுதியின் கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். தேவாலயங்களுக்குப் பேசி, இந்த ஊரில் என்னைப் போல் அவதிப்படும் குடிநோயாளி யாராவது இருக்கிறாரா என்று விசாரித்தார். பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரின் அறிமுகம் கிடைத்தது. இன்னொருவருக்கு உதவப்போன இடத்தில் தாமும் குடிக்காமல் தப்பியதை வில்சன் கண்டுகொண்டார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., பிறந்தது அப்படித்தான்.

நம் ஊர்களில் ஏ.ஏ. கூட்டங்கள் பள்ளிக்கூட வகுப்பறையிலும் தேவாலயத்து அறையிலும் நடக்கின்றன. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்பார். எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. அவரவர் கதையைத்தான் சொல்கிறார்கள். ‘இன்று ஒரு நாள் மட்டும்’ குடிக்காமல் இருப்பதுதான் கணக்கு. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். ஓராண்டு முடித்தவருக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். ஐம்பது வயதுக்காரர் தம் முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார். குடும்பத்தாருக்கு 1951இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. இதெல்லாம் வெறும் ஆறுதல்தானே என்று கேட்கலாம். 27 ஆய்வுகளை, 10,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு சேர்த்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு 2020இல் வந்தது. நோயாளியை முறையாக ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற பெயர்பெற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாகவே இருந்தது. கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். அவர்களுக்கு ஆலோசகரும் மருந்தும் இருக்கின்றன. வழி எதுவானாலும் தனியாகப் போகாமல் இருந்தால் சரி.

இவ்வளவு செய்தும் ஒருநாள் குடித்துவிட்டால்? ‘நாய் வாலை நிமிர்த்த முடியுமா?’ என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சர்க்கரைநோயாளி கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டு அளவு ஏறிவிட்டால் மருத்துவர் மருந்தைத்தான் மாற்றுவார். இனி என் ஆஸ்பத்திரிக்கு வராதே என்று துரத்த மாட்டார். இதிலும் அப்படித்தான். ஒரு நாள் சறுக்கல் ஒரு நாளோடு நிற்கலாம். அதைப் பழைய வெள்ளமாக்குவது பெரும்பாலும் வெட்கம்தான். ‘இனி எந்த மூஞ்சியோட போறது’ என்று ஆலோசகரைப் பார்க்காமல் ஒளிந்துகொள்வார். மறுநாளே வரச் சொல்லுங்கள். எந்த வரியில் சறுக்கினார் என்று அந்தச் சனிக்கிழமைத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தால் போதும்.

இதற்கெல்லாம் பெரிய மருத்துவமனை வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்குச் சாந்தி ரங்கநாதன் அவர்களின் பணியைச் சொல்கிறேன். 1979இல் குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவர், அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்து, 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் உங்களுக்குத் தெரியும். நகரத்துக்கு வர முடியாதவர்களுக்காகத் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் அந்த நிறுவனம் முகாம்கள் நடத்தியது. ஊருக்குள்ளேயே சிகிச்சை, ஊர்க்காரர்களே உதவி, முகாம் முடிந்த பிறகும் ஆலோசகர்கள் கிராமத்துக்கே வந்து பார்ப்பது என்று ஏற்பாடு. சேர்ந்து சிகிச்சை பெற்றவர்கள் ஒரே ஊர்க்காரர்கள். சனிக்கிழமை மாலையில் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளலாம்.

கோவாவில் இன்னொரு முயற்சி. குடிநோய் முழுதாக முற்றாத, ஆனால் தீங்கு வரும் அளவுக்குக் குடிக்கிற ஆண்களுக்கு, ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண மனிதர்கள் நான்கு அமர்வுகள் வரை ஆலோசனை சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் அந்த நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். 2017இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட முடிவு இது. பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவருக்குப் பயிற்சியும் கொடுத்தால் எவ்வளவு முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

எங்கே சேர்ப்பது என்பதில் கவனம் தேவை. அடித்துத் திருத்துகிறோம் என்ற பெயரில் பூட்டிவைக்கும் இடங்களும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதை நாம் மறக்கக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனநல பாதிப்பையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடைசெய்கிறது. மற்ற நோய்களைப் போலவே இதற்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆகவே சேர்க்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். பதிவுச் சான்று இருக்கிறதா? முதல் வாரம் மருத்துவர் தினமும் பார்ப்பாரா? குடும்பத்தார் வந்து பார்க்கலாமா? வீட்டுக்கு அனுப்பிய பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து கவனிப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடம் பாதி வேலைதான் செய்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகளில் இலவசச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய இலவச போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ கூப்பிடுங்கள்.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இந்தக் கூட்டத்தில் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறீர்கள். சம்பளத்தைக் கடை வாசலில் கொடுக்காதீர்கள், சனிக்கிழமைக்குப் பதில் திங்கட்கிழமை கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முதலாளிகள் இருக்கிறீர்கள், சிகிச்சைக்குப் போனவருக்கு வேலையை வைத்திருங்கள், திரும்பி வந்தால் பழைய கணக்கை எடுக்காதீர்கள். காதுகுத்து, வளைகாப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். மாமன் மச்சானுக்கு மறைவில் ‘ஏற்பாடு’ செய்யும் வழக்கத்தை நிறுத்துங்கள். விட்டவரை ‘இன்னிக்கு ஒரு நாள்தானே’ என்று வற்புறுத்துகிறவரைப் பெரியவர்கள் கண்டியுங்கள்.

தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஊரில் ஏ.ஏ. கூட்டம் நடத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நூலகத்தின் மாடி அறை மாலை ஆறு மணிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கிறது. சனிக்கிழமை தோறும் ஆறு முதல் ஏழரை வரை அந்த அறையின் சாவியை அவர்களிடம் கொடுத்தால் போதும். வாடகைக்கு உண்டியல் குலுக்கிக்கொள்வார்கள், நாற்காலிகளை அவர்களே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். செயற்குழு இன்றே முடிவெடுத்தால், வரும் சனிக்கிழமையே தொடங்கிவிடலாம்.